அமெரிக்காவில் கூப்பன் வைத்தே மளிகைச் செலவைப் பாதியாகக் குறைக்கிறார்களே, வேலூர் மாதிரி ஊரில் அது நடக்குமா?

நான்கு பேர் குடும்பம், மளிகைக்கு மட்டும் மாதம் 9,000 ரூபாய் ஆகிறது, யூடியூபில் கூப்பன் வெட்டும் அம்மாக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகச் சம்பளம் வந்த அன்றே ஆப்பில் ஆர்டர் போடுகிறவராக இருப்பீர்கள். தவறாக நினைக்க வேண்டாம், பெரும்பாலோர் அப்படித்தான்.

செலவைக் குறைக்க முடியும். ஆனால் கூப்பனால் இல்லை.

அங்கே கூப்பன் கொடுப்பது பெரும்பாலும் பொருளைத் தயாரிக்கிற கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும். கடைக்காரர் விலையில் கழித்துவிட்டு, அந்தப் பணத்தைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வார். கடையின் தள்ளுபடியும் கூடச் சேர்ந்தால் பற்பசை மாதிரிப் பொருட்கள் ஏறக்குறைய சும்மாவே கிடைக்கும். இங்கே பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சாகிறது. அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். எம்.ஆர்.பி.யை ஏற்றி அடித்துவிட்டு 30 சதவீதம் தள்ளுபடி என்று போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

எங்கள் வீட்டில் இது ஒரு சண்டையாகவே நடந்தது. சைதாப்பேட்டையில் வாடகை வீடு. (சென்னை சைதாப்பேட்டை இல்லை, வேலூரில் இருப்பது.) நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. நானும் ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். "வீட்டில் இருப்பவர்களுக்கு நேரம் இருக்கிறது, செய்கிறார்கள்" என்று சொல்ல வருபவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்த என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள். "அண்ணி, ஏன் இன்னும் பையைத் தூக்கிட்டு மார்க்கெட்டுக்கு அலையறீங்க? எனக்கு இந்த மாசம் கூப்பன்லயே 640 ரூபா மிச்சம். கஞ்சத்தனம் பண்ணியும் உங்களுக்கு அவ்வளவு மிச்சமாகாது." கஞ்சம் என்ற சொல்தான் எனக்குச் சுட்டது. பிள்ளைகளுக்குப் பால், முட்டை, பழம் எதிலும் நான் குறை வைத்ததில்லை. பில்லைக் காட்டு என்றேன்.

பில்லின் அடியில் "நீங்கள் சேமித்தது ரூ.640" என்று இருந்தது உண்மைதான். ஆனால் கூப்பன் வேலை செய்ய 999 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஆர்டரிலும் சாஸ், நூடுல்ஸ், சோள அவல் என்று அவள் எழுதி வைக்காத ஏதோ ஒன்று ஏறியிருந்தது. துவரம்பருப்பு தள்ளுபடி போக கிலோ 172. அதே தரம் நான் மண்டித் தெருவில் சில்லறையாக 140க்கு வாங்கியிருந்தேன். எண்ணெய்தான் எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. பார்த்தால் லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், உள்ளே 850 கிராம். ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம் வர வேண்டும். விலை குறைவு என்று அவள் நினைத்ததெல்லாம் அளவில் போயிருந்தது. தேவையில்லாததை அடித்துவிட்டு, மீதியைக் கிலோ கணக்கில் போட்டுப் பார்த்தால் என் பில்தான் ஆயிரத்துச் சொச்சம் குறைவு. இப்போது பருப்பை என்னிடம் சொல்லித்தான் வாங்குகிறாள்.

நீங்களும் கிராம் விலையைப் பாருங்கள். இப்போது பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடியாக அச்சிடுகிறார்கள். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நம்ப வேண்டாம். ஷாம்பு பல பிராண்டுகளில் பாட்டிலை விட சாஷேதான் மில்லிக்கு மலிவு. செக்கில் ஆட்டினால் எண்ணெய் மலிவு என்று சொல்கிறவர்களையும் நிறுத்திக் கணக்குக் கேளுங்கள். ஒரு லிட்டர் எடுக்க இரண்டரை கிலோ மல்லாட்டைப் பயறு (உரித்த வேர்க்கடலை) வேண்டும், ஆட்டுகிற கூலி தனி. ருசிக்காக ஆட்டுங்கள், சிக்கனத்துக்காக வேண்டாம்.

மிச்சம் பிடிக்க நல்ல இடம் பருவம்தான். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கிவிடுவேன். மிளகாயும் அந்தச் சமயத்தில்தான். வேலூர் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது, ஆனால் மிளகாய், மல்லி, வடாம் காய வைக்க இதைவிட நல்ல வெயில் எங்கே இருக்கிறது? காய்கறிக்கு டோல்கேட் உழவர் சந்தை, காலையில் போர்டில் எழுதுகிற விலைக்கு. அங்கே போக முடியாத நாளில் நேதாஜி மார்க்கெட். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலையில் எங்கள் வீட்டில் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும்தான். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்தால் மட்டும் பேரம் பேச மாட்டேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு வேறு எதுவும் ஈடில்லை.

ரேஷன் வாங்குகிறேன் என்றால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. என்னுடையது அரிசி அட்டை, வாங்குவதை நாங்கள் சாப்பிடுகிறோம். ரேஷன் புழுங்கலரிசியோடு பாதி இட்லி அரிசி கலந்து அரைத்தால் இட்லி நன்றாகவே வரும். வாங்கி மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்களே, அவர்களைப் போய்க் கேளுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்தமாக வாங்கக் கையில் காசு இருக்க வேண்டும். தினக்கூலியில் அன்றன்றைக்கு 50 கிராம் எண்ணெய் வாங்குகிறவர்தான் நம் எல்லோரையும் விட அதிக விலை கொடுக்கிறார். அவரிடம் போய்ச் சிக்கனம் பேச எனக்கு வாய் வராது.

அந்தக் காசை ஒரேயடியாகப் புரட்ட முடியாமல்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் தீபாவளிச் சீட்டில் சேருகிறார்கள். மாதம் 500 கட்டினால் மளிகை, பாத்திரம், வெள்ளிக்காசு, ஸ்வீட், பட்டாசு எல்லாம் தீபாவளிக்கு வரும் என்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா இரவெல்லாம் ஜாக்கெட் தைத்து ஒரு மாதம்கூட விடாமல் கட்டினார். தீபாவளிக்கு முன்னால் ஆபீஸில் பூட்டு. நடத்தினவன் ஓடிவிட்டான், வசூல் செய்துகொடுத்த எங்கள் தெருப் பெண்ணின் வாசலில்தான் கூட்டம். அந்தப் பெண்ணும் தன் காசைப் போட்டிருந்தாள் என்பதை யாரும் கேட்கவில்லை. 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவாளரிடம் பதிவு செய்யாமல் சீட்டே நடத்தக் கூடாது. பேனர் கட்டி, ஆட்டோவில் மைக் வைத்துக் கூப்பிடும்போது அது யார் கண்ணிலும் படாதா? இன்றைக்கும் வயிறு எரிகிறது. உங்கள் வீட்டில் யாராவது அப்படிக் கட்டிக்கொண்டிருந்தால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டேன், சரி. உங்கள் ஆப்பிலேயே பழைய பில்கள் எல்லாம் இருக்கும். கடைசி மூன்று மாத பில்லை எடுத்து எண்ணெய், பருப்பு, அரிசி மூன்றுக்கு மட்டும் கிலோ விலை எழுதுங்கள். அந்தத் தாளோடு ஒரு சனிக்கிழமை மண்டித் தெருவுக்குப் போய் நாலு கடையில் விலை கேளுங்கள். மசாலா, சோப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.