ஹையலூரானிக் அமில மாத்திரை சாப்பிட்டால் சருமம் மாறுமா?

வயிற்றுக்குள் போகிற மாத்திரை முகத்துக்கு எப்படிப் போய்ச் சேரும், வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாப்பிட்டுப் பார்த்தவள்தான். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஈரத்தைப் பிடித்து வைக்கிற இந்த ஹையலூரானிக் அமிலம் சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் பாதி தோலில். தினமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிதைந்து, அதே அளவு புதிதாக உருவாகிறது. அதாவது நாளுக்கு 5 கிராம் அளவுக்கு உடம்பே தயாரித்துக்கொள்கிறது. மாத்திரையில் இருப்பதோ பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம். ஆகவே 'இழந்ததை உள்ளிருந்து நிரப்புகிறது' என்ற விளம்பரம் கணக்குக்கே ஒத்துவராது.

அப்படியானால் சுத்த ஏமாற்றா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இது ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலி. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இதைச் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன, அவற்றில் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கிறது. கதிரியக்க அடையாளம் இட்ட அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிறு பங்கு தோல்வரை போயிருந்தது. அந்தத் துண்டுகள் தோல் செல்களைத் தூண்டி அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கலாம் என்பது ஒரு கருத்து. ஜப்பானில் தினம் 120 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்த சோதனைகளில் ஈரப்பதமும் சுருக்கமும் ஓரளவு மேம்பட்டன. ஆனால் கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான், பல சோதனைகளின் பின்னால் தயாரிப்பாளர்களே இருந்தார்கள். கருவி காட்டுகிற வித்தியாசம் கண்ணாடியில் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வயிற்றுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அவ்வளவுதான். டப்பா தீர்ந்தபின் மறுபடி வாங்கவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஸ்கிரீனும், குளித்த ஈரம் காயுமுன் பூச கிளிசரின் கலந்த கிரீமும் வாங்கிக்கொள்கிறேன். வறட்சிக்கு இந்தக் கிரீம்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

வாங்கியே தீருவேன் என்றால், சரி, லேபிளைப் படியுங்கள். கொலாஜன், வைட்டமின் சி எல்லாம் சேர்த்த கலவையில் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சைவம் சாப்பிடுபவர்கள் மூலப்பொருளையும் பாருங்கள்: சேவல் கொண்டையிலிருந்து எடுப்பதும் உண்டு, பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து எடுப்பதும் உண்டு. கர்ப்பிணிகளும், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.