கூடையா, மாம்பழமா?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'ஆர்' போட்டேன். விடைக்குறிப்பில் 'இஸ்' என்று இருக்கிறது. மாம்பழங்கள் பலதானே?

பதில்: பலதான். ஆனால் வாக்கியம் பேசுவது கூடையைப் பற்றி. குற்றம் உங்களுடையது அல்ல, உங்கள் தமிழ்க் காதினுடையது. 'மாம்பழக் கூடை கனமாக இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் அடைமொழி முன்னால் போய்விடும், தலைமைச் சொல் கடைசியில் வந்து நிற்கும். அந்தக் கடைசிப் பெயரை எழுவாயாக எடுத்துக்கொண்டே வளர்ந்துவிட்டோம். ஆங்கிலத்திலோ கூடை முதலிலேயே வந்துவிடுகிறது. 'ஆஃப்' மாம்பழங்களைக் கொண்டுவந்து கூடைக்கும் வினைக்கும் நடுவில் கொட்டிவிடுகிறது.

பென்சிலால் 'ஆஃப் மேங்கோஸ்' என்பதை அடித்துவிட்டுப் படியுங்கள்: 'தி பாஸ்கெட் இஸ் ஹெவி'. 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' வந்தாலும் இதே வைத்தியம்தான். 'தி டீச்சர், அலாங் வித் ஹெர் ஸ்டூடன்ட்ஸ், இஸ் வெயிட்டிங்.' மாணவர்கள் நாற்பது பேர் வந்தாலும் வினை ஆசிரியை பக்கம்தான்.

பென்சில் தோற்கும் இடமும் உண்டு. 'ஹாஃப் ஆஃப்', 'சம் ஆஃப்' போன்றவை அளவைச் சொல்பவை. அங்கே பின்னால் வரும் பெயரைத்தான் பார்க்க வேண்டும். 'ஹாஃப் ஆஃப் தி ரைஸ் இஸ்', 'ஹாஃப் ஆஃப் தி மேங்கோஸ் ஆர்'. தேர்வு வைப்பவர்களுக்கு மிகவும் பிடித்த கண்ணி வேறொன்று: 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்', ஆனால் 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்'. முன்னது 'பல மாணவர்கள்', பின்னது 'மாணவர்களின் எண்ணிக்கை'. தமிழில் சொல்லிப் பார்த்தால் குழப்பமே இல்லை.

கேள்வி: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் எ டாக்டர்' சரியா?

பதில்: 'இஸ்' சரி, 'ஃப்ரெண்ட்' தவறு. பல நண்பர்களில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்'. நேர்காணலில் நான் அதிகம் கேட்ட பிழை இதுதான்.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் 'ஹி டஸ் நாட் கோஸ்' என்றே எழுதுகிறான். எப்படித் திருத்துவது?

பதில்: திட்டாதீர்கள். 'ஹி' வந்தால் 'எஸ்' போடு என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பிள்ளை விசுவாசமாக இரண்டு இடத்திலும் போடுகிறான். அந்த 'எஸ்' ஒன்றுதான். அதை 'டஸ்' வாங்கிக்கொண்டுவிட்டது, 'கோ' வெறுங்கையோடு நிற்கிறது என்று சொல்லுங்கள். தமிழிலும் 'அவன் போனான்', 'அவர்கள் போனார்கள்' என்று விகுதி மாறுகிறது. எதிர்மறையில் இருவருக்கும் 'போகவில்லை'தான். அதையும் காட்டுங்கள்.

கேள்வி: 'போலீஸ்' ஒருமையா, பன்மையா?

பதில்: பன்மை. 'தி போலீஸ் ஹேவ் அரெஸ்டெட் ஹிம்.' நம் நாளிதழ்கள் 'போலீசார் கைது செய்தனர்' என்று எழுதுவதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: 'நைதர் தி ஓனர் நார் தி வொர்க்கர்ஸ்' என்றால் 'வாஸ்' வருமா, 'வேர்' வருமா?

பதில்: 'வேர்'. இரண்டில் வினைக்கு அருகில் உள்ள பெயரே முடிவு செய்யும். முதல் பதிலில் நான் குறை சொன்ன அதே தமிழ்க் காதை இங்கே தாராளமாக நம்பலாம்.