ஊர் என்ன பேசுகிறது? – சிறுதொழில் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன: தங்கள் கடையைப் பற்றி இணையத்தில் யார், எங்கே, என்ன சொல்கிறார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்தபின் என்ன செய்வது என்பதுதான் அது. அவற்றுள் ஐந்தைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு பெண்களை வைத்துக்கொண்டு தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் செய்து விற்கிறேன். ஆர்டர்களில் பாதிக்கு மேல் இன்ஸ்டாகிராம் வழியாகவே வருகின்றன. எங்களைப் பற்றி வெளியே பேசப்படுவதையெல்லாம் கண்காணித்துத் தருவதாகச் சொல்லி, ஒரு விளம்பர நிறுவனம் மாதம் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறது. இது எனக்குத் தேவையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, இப்போதைக்குத் தேவையில்லை. உங்கள் அளவிலுள்ள தொழிலுக்கு வாரம் முழுவதும் சேர்த்தாலும் இருபது முப்பது இடங்களில்தான் பேச்சு வரும். அதைப் படிக்க ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். அதைவிட முக்கியம், படிப்பவர் நீங்களாகவோ, உங்கள் அடுப்படியை அறிந்தவராகவோ இருப்பது. ‘சீடை கொஞ்சம் கடுக்கென்று இருந்தது’ என்று ஒருவர் எழுதினால், அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் அதை ‘எதிர்மறைக் கருத்து ஒன்று’ என்று அறிக்கையில் கணக்கு எழுதுவார். நீங்களோ, அன்றைக்கு மாவு சலித்தவர் யார், அரிசி எந்தக் கடையில் வாங்கியது என்று உடனே யோசிப்பீர்கள்.

முதலில் இன்ஸ்டாகிராமைத் திறந்து, செய்திப் பெட்டிக்குள் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்றிருக்கும் பகுதியைப் பாருங்கள். நீங்கள் பின்தொடராதவர்கள் அனுப்பும் செய்திகள் பெரும்பாலும் அங்கேதான் போய்த் தேங்குகின்றன. அதற்கும் அடியில், மறைக்கப்பட்ட கோரிக்கைகள் என்று இன்னொரு அடுக்கும் இருக்கிறது. என் பெரியம்மா மகள் வடாம் செய்து விற்கிறார். அவருடைய கைப்பேசியில் அந்தப் பகுதியை நாங்கள் இருவரும் சேர்ந்து முதன்முறையாகத் திறந்தபோது, படிக்கப்படாத செய்திகள் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்று மூன்று வாரம் பழையது: ‘அக்கா, எண்ணெயில் போட்டால் ஓரம் பொரிகிறது, நடுவில் வெள்ளையாகக் கல் மாதிரி நிற்கிறது’ என்று எழுதி, ஒரு தட்டின் படத்தையும் ஒரு பெண் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோடை மழை பெய்த வாரத்தில் பிழிந்து, முழுக்கக் காயாமலேயே பாக்கெட் போட்ட சரக்கு அது. அதே வாரத்துச் சரக்கு இன்னும் பதினோரு வீடுகளுக்குப் போயிருந்தது. அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு பேரையும் அன்று மாலையே அக்கா ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசி, புதுச் சரக்கு அனுப்பினார். அந்தப் பெண் எழுதியிராவிட்டால், இவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

அடுத்தது தேடல். உங்கள் கணக்கின் பெயரை ‘அட்’ (@) குறியோடு சேர்த்துக் குறிப்பிட்டால் இன்ஸ்டாகிராம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும். குறியில்லாமல் பெயரை வெறுமனே எழுதினால் வராது. ஆகையால் நீங்களே தேட வேண்டும். இங்கேதான் தமிழ்ப் பெயர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடைப் பெயரில் ஒரு ழகரம் இருந்தால், அதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒருவர் ‘இஸட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘இஸட்’ மட்டும் போடுவார், மற்றொருவர் ‘எல்’ போட்டு முடித்துவிடுவார். ‘சீடை’ என்பதற்கு ‘எஸ்’ போடுபவர்களும் உண்டு, ‘சி எச்’ போடுபவர்களும் உண்டு. தமிழ் எழுத்திலேயே எழுதுபவர்கள் ஒற்றெழுத்தை விட்டுவிடுவார்கள். உங்கள் கடையின் பெயர் எத்தனை விதமாக எழுதப்படலாம் என்று ஒரு தாளில் எழுதி, சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைத் தப்பாக எழுதும் உறவினர்களின் கல்யாணப் பத்திரிகைகளே இதற்கு நல்ல உதவி செய்யும். பிறகு, கடைப் பெயரே இல்லாமல் ‘காரைக்குடி பலகாரம்’, ‘செட்டிநாட்டுச் சீப்புச் சீடை’ என்றும் தேடிப் பாருங்கள். எங்கே வாங்கலாம் என்று ஒருவர் கேட்க, நான்கு பேர் நான்கு கடைகளின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா, இல்லையென்றால் இருப்பவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது மிகவும் பயனுள்ளது.

கூகுள் அலர்ட்ஸ் என்ற இலவச வசதி 2003 முதலே இருக்கிறது. கடைப் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்துவைத்தால், புதிய இணையப் பக்கங்களிலோ செய்திகளிலோ அந்தப் பெயர் வரும்போது மின்னஞ்சல் வரும். அமைக்க இரண்டு நிமிடம்தான் ஆகும் என்பதால் அமைத்துவிடுங்கள். ஆனால் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அதன் வலையில் சிக்காது என்பதை நினைவில் வையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செய்திகளையும் பின்னூட்டங்களையும் ஒரே இடத்தில் பார்க்க, மெட்டா பிஸினஸ் சூட் இலவசமாகவே கிடைக்கிறது.

பார்த்ததை எழுதிவையுங்கள். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, எங்கே சொன்னார்கள், அவர்கள் சொன்ன சொற்கள் அப்படியே, எந்த நாள் சரக்கு, நாம் என்ன செய்தோம். இவற்றில் நான்காவதுதான் பலரும் விட்டுவிடுவது. அது இல்லையென்றால் புகாரையும் பட்டறையையும் இணைக்க வழியில்லை.

கிளைகள் பெருகி, ஒரு நாளைக்கு நூறு பேச்சுகள் வரத் தொடங்கும் காலத்தில் கட்டணச் சேவையைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும், எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறீர்கள், தமிழில் எழுதியதையும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியதையும் கண்டுபிடிப்பீர்களா என்று கேட்டு, ஒரு வாரத்துக்கான மாதிரி அறிக்கையை வாங்கிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். 2023-இல் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளம், வெளி மென்பொருள்கள் இலவசமாகத் தரவு எடுக்கும் வழியைப் பெருமளவு அடைத்துவிட்டது. ‘எல்லாத் தளங்களையும் பார்க்கிறோம்’ என்பவர்களிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: பதினாறு ஆண்டுகளாக மெஸ் நடத்துகிறேன். போன மாதம் ஒரே இரவில் கூகுளில் ஆறு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். அந்தப் பெயர்களில் யாரும் வந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. இரண்டு நாள் கழித்து, நீக்க வேண்டுமானால் பணம் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தூக்கமே வரவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுமாதமும் வருவார்கள். இது மிரட்டிப் பணம் பறித்தல்; பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல், எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு விமர்சனங்களையும், எழுதியவர்களின் பக்கங்களையும் அதேபோல் எடுத்துவையுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கூகுளைப் பொறுத்தவரை, கடையின் பிஸினஸ் புரொஃபைலில் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்திப் புகார் செய்யலாம். ‘இது பொய்’ என்று மட்டும் சொன்னால் அது நகராது; யார் சொல்வது உண்மை என்ற வழக்கில் கூகுள் நுழைவதில்லை. அதன் விதிகளில் எதை மீறியது என்று காட்ட வேண்டும். ஒரே இரவில் ஆறு வந்திருப்பது, பணம் கேட்டது ஆகிய இரண்டும் உங்கள் பக்கம் வலுவான காரணங்கள். புகாரை நிராகரித்தால் ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம். ஆதாரங்களை அப்போதைக்கென்று பத்திரமாக வைத்திருங்கள்.

அதுவரை பதில் எழுதாமல் இருக்காதீர்கள். ‘தங்கள் வருகை எங்கள் கணக்கில் தெரியவில்லை. எந்த நாள், எந்த வேளை உணவு என்று தெரிவித்தால் விசாரித்துச் சொல்கிறோம்’ என்று இரண்டே வரி போதும். அந்தப் பதிலை உண்மையில் படிக்கப்போகிறவர், நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று தேடும் வெளியூர்க்காரர். விமர்சனம் எழுதியவர் எந்த மொழியில் எழுதினாரோ, அதே மொழியில் பதில் சொல்லுங்கள். 2021 அக்டோபரில், இந்தியைத் தேசிய மொழி என்று ஸொமேட்டோவின் வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவர் சொன்ன உரையாடலைத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ட்விட்டரில் பகிர்ந்தபோது, அடுத்த நாளே அந்நிறுவனம் தமிழிலும் மன்னிப்பு அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறு போலி விமர்சனங்களுக்கு நடுவில் உண்மையான குறை ஒன்று இருந்தால் அதைப் போலிகளோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். சாம்பார் ஆறிப்போயிருந்தது என்று ஒருவர் சொன்னதற்காக அவதூறு வழக்குப் போடுவேன் என்று எச்சரித்த கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறாகாது; அவரை மிரட்டிய செய்திதான் ஊர் முழுக்கப் பரவும்.

கேள்வி: எங்கள் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் மாவுக் கடையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதைப் பார்க்க மென்பொருள் ஏதும் உண்டா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை, இருப்பதாகச் சொல்பவர்களிடம் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி பூட்டப்பட்டவை. வேறு பெயரில் குழுவுக்குள் நுழைந்து ஒளிந்திருப்பதும் வேண்டாம். அது அவர்கள் வீட்டுத் திண்ணை. மாவு வாங்க வருபவரிடம், ‘போன தடவை மாவு எப்படிப் பொங்கியது, இட்லி எப்படி வந்தது?’ என்று நேரில் கேளுங்கள். குழுவில் பேசியதும் அந்தப் பதிலோடு சேர்ந்து வரும்.

கேள்வி: நல்ல விமர்சனம் எழுதினால் பத்து சதவீதத் தள்ளுபடி என்று பில்லில் அச்சடிக்கலாம் என்கிறான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி. பரிசோ தள்ளுபடியோ கொடுத்து விமர்சனம் வாங்குவதைக் கூகுள் விதிகள் தடை செய்கின்றன. இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையையும் வெளியிட்டிருக்கிறது. வெளியானபோது அதைப் பின்பற்றுவது கட்டாயமாக இருக்கவில்லை என்றாலும், காசு கொடுத்து எழுதவைப்பதை அதுவும் ஏற்கவில்லை. இதில் எனக்கு உள்ள வருத்தம் வேறு. வாங்கிய புகழ்ச்சியால் நிறைந்த பக்கத்தில், ‘டிகிரி காபி இப்போதெல்லாம் தண்ணியாக இருக்கிறது’ என்ற நேர்மையான ஒரு வரி உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ‘உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்று மட்டும் பில்லில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து சேலை விற்கிறேன். நான் எடுத்த படங்களை வைத்தே வேறு யாரோ எங்கள் பெயரில் கணக்குத் தொடங்கிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஏமாந்த ஒரு பெண் என்னைத் திட்டித் தொலைபேசியில் பேசிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.
– வாசகி, இளம்பிள்ளை

பதில்: அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் தொலைபேசி செய்யுங்கள் அம்மா. அவர் பணம் கட்டிய யுபிஐ முகவரி, தேதி, தொகை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்; 1930-க்கு அவரையே பேசச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணம் கைமாறுவதற்குள் வங்கி நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. போலிக் கணக்கைப் பற்றி, ஆள்மாறாட்டம் என்ற பிரிவின் கீழ் இன்ஸ்டாகிராமில் நீங்கள் புகார் செய்யுங்கள்.

உங்கள் சேலைகளில் அதிகம் விற்கும் ஐந்தாறின் படங்களை மாதம் இருமுறை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அந்தப் படம் பொதுவெளியில் வேறெங்காவது இருந்தால் பல சமயம் காட்டிக்கொடுக்கும். கடைப் பெயரைப் படத்தின் ஓரத்தில் போட்டால் வெட்டி எடுத்துவிடுவார்கள். முந்தானையின் மேலேயே, வேலைப்பாடு தெரியும் அளவுக்கு மெல்லிய எழுத்தில் போடுங்கள். நீங்கள் பணம் வாங்கும் ஒரே யுபிஐ பெயர் இதுதான் என்று உங்கள் பக்கத்தின் உச்சியில் நிலையாக ஒரு பதிவு வைத்து, ஆர்டர் உறுதி செய்யும் ஒவ்வொரு செய்தியிலும் அதையே திரும்ப எழுதுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும், மாதம் இருமுறை என்பதை வாரம் ஒருமுறையாக மாற்றிக்கொள்ளுங்கள்.