நெல் அவிக்கும் நீராவிக் குழாய்க்கு எந்த ஃபிளேஞ்ச் பொருந்தும்?

அம்பாசமுத்திரம் அருகே அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர், கிணற்றுத் தண்ணீர்க் குழாய்க்கும் நெல் அவிக்கும் பாய்லரின் நீராவிக் குழாய்க்கும் ஸ்லிப் ஆன் ஃபிளேஞ்சே (குழாயின் மேல் நுழைத்து ஓரத்தில் வெல்டிங் செய்யும் வகை) போதும் என்று வெல்டர் சொல்வது சரிதானா என்றும், வாங்கி வந்த 4 அங்குல ஃபிளேஞ்ச் பம்பின் துளைகளோடு ஏன் சேரவில்லை என்றும் கேட்டிருக்கிறார்.

ஃபிளேஞ்ச் என்பது குழாய் முனையில் பொருத்தி, போல்ட் போட்டு இணைக்கும் துளையுள்ள வளையம். அதன் துளைகளை முதலில் பார்ப்போம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 4 அங்குலம் என்ற ஒரே பெயரில் கடைகளில் வெவ்வேறு தரநிலை ஃபிளேஞ்சுகள் கிடைக்கின்றன. பழைய பிரிட்டிஷ் அளவான டேபிள் டி-யில் 4 துளைகள், டேபிள் இ-யில் 8 துளைகள். இரண்டிலும் துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம் 178 மி.மீ. அமெரிக்க அளவான கிளாஸ் 150-லும் 8 துளைகளே, ஆனால் அந்த விட்டம் 190.5 மி.மீ. துளைகளை மட்டும் எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான். அந்த விட்டத்தையும் பம்பில் அளந்து குறித்து எடுத்துச் செல்லுங்கள். துளையை அராவி நீட்டிப் பொருத்துவதை நான் ஏற்க மாட்டேன். பம்பின் ஃபிளேஞ்ச் வார்ப்பிரும்பாகவும் தட்டை முகமாகவும் இருந்தால், எதிரில் வருவதும் தட்டை முகமாகவே இருக்க வேண்டும். நடுவில் மேடிட்ட முகமுள்ளதை வைத்து இறுக்கினால், விளிம்பில் தாங்கல் இல்லாமல் வார்ப்பிரும்பு வளைந்து விரிசல் விடும்.

தண்ணீருக்கு ஸ்லிப் ஆன் தாராளமாகப் போதும். உள்ளும் வெளியுமாக இரண்டு பக்கமும் வெல்டிங் செய்கிறார்களா என்று மட்டும் நின்று பாருங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயென்றால் வெல்டிங் அந்தப் பூச்சைத் தீய்த்துவிடும் என்பதால், திருகிப் பொருத்தும் மரை ஃபிளேஞ்சே நல்லது. ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில், குழாயோடு சேரும் விளிம்புள்ள முனைத்துண்டான ஸ்டப் எண்டும் அதன் பின்னால் தனியே சுழலும் இரும்பு வளையமும் வரும். லேப் ஜாயிண்ட் ஃபிளேஞ்சும் இதே முறைதான். தண்ணீர் வளையத்தைத் தொடாது என்பதால், உவரி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புத் தண்ணீருக்கும் இது ஏற்றது.

நீராவி வேறு விஷயம். கார்பன் எஃகு கிளாஸ் 150 ஃபிளேஞ்ச் சாதாரண வெப்பநிலையில் 19.6 பார் அழுத்தம் தாங்கும், 200 டிகிரியில் 13.8 பார்தான். 10 பார் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 184 டிகிரி என்பதால் அழுத்தத்தைப் பொறுத்தவரை கவலையில்லை. தொல்லை தருவது பாய்லரைத் தினமும் மூட்டி அணைப்பதுதான்: 10 மீட்டர் எஃகுக் குழாய் 150 டிகிரி சூடேறினால் சுமார் 18 மி.மீ. நீளும், ஆறினால் சுருங்கும். இந்த இழுபறியை ஸ்லிப் ஆனின் ஓர வெல்டிங்கைவிட, கழுத்து படிப்படியாக மெலிந்து குழாயோடு முனைக்கு முனை சேரும் வெல்ட் நெக் பல மடங்கு நன்றாகத் தாங்கும். ஆகவே பாய்லர் வாயிலும் பெண்டுகளின் (வளைவுகளின்) அருகிலும் வெல்ட் நெக் போடுங்கள். நீட்சியை உள்வாங்க, குழாயை வளைத்து அமைக்கும் லூப்பும் வேண்டும், ஃபிளேஞ்ச் மட்டும் அதைச் செய்யாது. 2 அங்குலத்துக்குட்பட்ட கிளைகளில் சாக்கெட் வெல்ட் ஃபிளேஞ்ச் (குழாயை உள்ளே செருகி வெல்டிங் செய்யும் வகை) போதும்; குழாயை அடிவரை தள்ளாமல் 1.6 மி.மீ. இடைவெளி விட்டு வெல்டிங் செய்ய வேண்டும். பின்னாளில் தொட்டி சேர்க்கும் எண்ணம் இருந்தால், ஹெட்டரின் (கிளைகள் பிரியும் முதன்மைக் குழாயின்) முனையை நடுவில் துளையில்லாத பிளைண்ட் ஃபிளேஞ்சால் மூடி வையுங்கள்.

நீராவிப் பாதையில், இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் ரப்பரில் கூடாது. உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றிய ஸ்பைரல் வூண்ட் வாங்குங்கள். அழுத்தம் சதுர செ.மீ.க்கு 3.5 கிலோவைத் தாண்டினால் ஃபிளேஞ்சை ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறை) சான்றிதழோடு வாங்குவது கட்டாயம். போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். கசிவு தெரிந்தாலும், அழுத்தம் முழுவதும் இறங்கிக் குழாய் ஆறிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும்.