காரின் சுற்றுச்சூழல் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: மின்சாரக் காரில் புகையே வருவதில்லை. பிறகு அதனால் என்ன கேடு, ஐயா?

பதில்: புகைக்குழாயை மட்டும் பார்த்தால் கேடு இல்லைதான். ஆனால் வாழ்நாள் மதிப்பீடு என்பது, இரும்புத் தாதும் லித்தியமும் தோண்டப்படும் இடத்தில் தொடங்கி, ஆலையையும் சாலையையும் கடந்து, கார் உடைக்கப்படும் நாள் வரை வெளியேறும் மாசு அனைத்தையும் கூட்டி, ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பங்கிடும் கணக்கு. இதற்கான முறையை ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் 14040, 14044 தரநிலைகள் வகுத்துள்ளன. எதிலிருந்து எதுவரை கணக்கில் சேர்த்தோம் என்ற எல்லையைச் சொல்லாத ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஆண்டுக்கு 5,000 கி.மீ.தான் ஓட்டுகிறேன். நன்றாக ஓடும் பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா?

பதில்: கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் காருக்கு, அது கி.மீ.க்கு 144 கிராம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ ஆகிறது, 100 கி.மீ.க்கு 15 யூனிட் இழுக்கும் மின்சாரக் காருக்குக் கி.மீ.க்கு 105 கிராம். மிச்சம் 39 கிராம்தான். 30 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரியைச் செய்யும்போதே, கொள்ளளவின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 80 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், 2,400 கிலோ வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்ட 61,000 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். உங்களுக்கு அது 12 ஆண்டு. (எண்ணெய்ச் சுத்திகரிப்பையும் மின்கம்பி இழப்பையும் எளிமைக்காக விட்டிருக்கிறேன்.) புதுக் காரின் இரும்பும் அலுமினியமும் தனி. உள்ள காரையே பராமரித்து ஓட்டுங்கள்.

கேள்வி: நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன், நாளுக்கு 150 கி.மீ. எனக்கும் இதே பதிலா?

பதில்: இல்லை. புதுக் கார் வாங்கும் நிலையில் இருந்தால் மின்சாரக் காரே நல்லது. அந்த பேட்டரிக் கடன் உங்களுக்குச் சுமார் 410 நாளில் தீர்ந்துவிடும். சூரிய மின்சாரத்தில் சார்ஜ் செய்ய முடிந்தால் இன்னும் சீக்கிரம்.

கேள்வி: காயலான் கடைக்குப் போகும் கார் முழுவதும் உருக்கப்படுகிறதே, அது போதாதா?

பதில்: அலுமினியத்தை மீண்டும் உருக்க, தாதிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும், அது பெரிய ஆதாயம். இரும்பில்தான் சிக்கல். உள்ளே ஓடும் செம்புக் கம்பிகளை முழுதாக உருவி எடுக்காமல் நசுக்கி உருக்கினால், செம்பு எஃகில் கலந்துவிடும். பிறகு அதைப் பிரிப்பது மிகக் கடினம். அத்தகைய எஃகு மறுபடியும் காரின் உடற்தகடாக ஆகாமல், பெரும்பாலும் கட்டடக் கம்பியாகிவிடுகிறது.