நாற்பது விருப்பம், நேரில் ஒருவரும் இல்லை: உங்கள் தத்துச் செயலிக்கு

வணக்கம். உங்கள் நாய்த் தத்துச் செயலியில் ஒரு நாய்க்குட்டிக்கு நாற்பது பேர் 'விருப்பம்' அழுத்துகிறார்கள், நேரில் ஒருவரும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வடிவமைப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். அழகான முகத்தைப் பார்த்ததும் விரல் தானாக அழுத்திவிடும். வீட்டில் யாரிடமும் பேசியிருக்க மாட்டார்கள்.

'விருப்பம்' பொத்தானுக்கும் குட்டியைத் தருபவரின் தொலைபேசி எண்ணுக்கும் நடுவில் மூன்று கேள்வி வையுங்கள்: வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பகலில் யார் இருப்பார்கள்? நான் சென்னையில் தெருக்குட்டிகளுக்கு வீடு தேடித் தருகிறேன். போன வருடம் ஒரு பழுப்புக் குட்டி ஒன்பதே நாளில் திரும்பி வந்தது. கழுத்தில் புதுச் சிவப்புப் பட்டை, கூடவே பாதி தீர்ந்த தீவனப் பை. வீட்டுக்காரர் கூடாது என்றுவிட்டாராம். அன்று இரவு முழுக்க அது கதவைப் பார்த்தே படுத்திருந்தது. முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம், தடுப்பூசிக்கு 'ஆம், இல்லை' போதாது, தேதி கேளுங்கள். பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) ஊசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கும், சில வார இடைவெளியில் மறுபடி போட வேண்டும். வெறிநோய் ஊசி பொதுவாக மூன்றாம் மாதம். தோராயமான வயது தெரிந்தாலே அடுத்த ஊசியைச் செயலி நினைவூட்டிவிடலாம். 8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தரும் பதிவுகளை ஏற்கவே வேண்டாம்.

வளர்ந்த நாய்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் படம் கட்டாயம் கேளுங்கள். உயரம் தெரியாமல் வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

தத்துப் போனதும் பதிவை மூடிவிடாதீர்கள். ஏழாம் நாள் 'எப்படி இருக்கிறது?' என்று ஒரு செய்தி போகட்டும்.