லாய்ட்ஸ் ரெஜிஸ்டர்ல கப்பல் பேர் காணோம்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தமா?

கேள்வி: எங்க பாட்டியோட தாத்தா 1863-ல மெட்ராஸ்லேர்ந்து மொரீஷியஸ் போன மரக்கப்பலோட பேர் வீட்டுப் பழைய காகிதத்துல இருக்கு. லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் புக்ல அந்தக் கப்பலுக்கு 1861 வரைக்கும் ஏ1-னு போட்டிருக்கு, அதுக்கப்புறம் பேரே இல்ல. உளுத்துப்போன கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்களா? லண்டன்ல ஒருத்தர் "கண்டம் பண்ண சர்ட்டிஃபிகேட் (இனி ஓட லாயக்கில்லன்னு கழிச்சதுக்கான காகிதம்) எடுத்துத் தர்றேன்"னு பணம் கேக்கறார், அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த ஆள்கிட்ட பேச்ச நிறுத்துங்க.

அந்த புக் கப்பலோட பிறப்பு இறப்பு பதிவேடு கிடையாதுங்க. கப்பலுக்கும் சரக்குக்கும் இன்சூரன்ஸ் போடறவங்க பாத்துக்கறதுக்காக அச்சடிச்சது. முன்னாடி இன்சூரன்ஸ்காரங்க ஒரு புக், கப்பல் முதலாளிங்க ஒரு புக்னு போட்டி போட்டு நடத்திட்டிருந்தாங்க, 1834-ல ரெண்டும் ஒண்ணாச்சு. அதுல பேர் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல, முதலாளி ஃபீஸ் கட்டி சர்வேயரக் கூப்பிட்டுக் காட்டினாத்தான் கிளாஸ், அதாவது ஏ1 மாதிரி தரக்குறி, கிடைக்கும்.

ஏ1-ல ஏ-ங்கறது கப்பலோட உடம்புக்கு, 1-ங்கறது நங்கூரம், சங்கிலி, கயிறு மாதிரி சாமானுக்கு. அதுக்கு முன்னாடி ஒரு நம்பர் இருக்கும், அதத்தான் நீங்க பாக்கணும். தேக்கு, நல்ல ஓக்குன்னா 12 வருஷம், கனடா பக்கம் மெத்து மரத்துல கட்டினதுன்னா 4, 5, 7 வருஷம்னு மரத்தப் பாத்து காலக்கெடு குடுத்தாங்க. கெடு முடிஞ்சா திரும்ப சர்வே பண்ணி, பழுது பாத்து, சில வருஷம் நீட்டி வாங்கலாம், இல்லன்னா கீழ் எழுத்துக்கு எறங்கணும், அது புடிக்காத முதலாளி செலவே வேண்டாம்னு புக்லேர்ந்து வெளிய வந்துடுவார், கப்பல் பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். உங்க கப்பல் கட்டின வருஷத்தோட அந்த நம்பரக் கூட்டிப் பாருங்க. 61, 62 கிட்ட வந்தா கெடு முடிஞ்சதுதான் காரணமா இருக்கும்.

எட்வின் ஃபாக்ஸ்னு ஒரு கப்பல், 1853-ல கல்கத்தா பக்கம் சுல்கியால தேக்குல கட்டினது. கிரிமியா போருக்குப் படை ஏத்தி, ஆஸ்திரேலியாவுக்குக் கைதிங்கள ஏத்தி, நியூசிலாந்துக்குக் குடியேறிகள ஏத்தி ஓடிச்சு. அதோட உடம்பு இன்னிக்கும் நியூசிலாந்து பிக்டன்ல இருக்கு. 12 வருஷக் கெடுவ வச்சு மரத்தோட ஆயுசக் கணக்குப் போடாதீங்க.

ஒரே ஒரு விஷயத்துல கவனம் வேணும். லாய்ட்ஸ்ல இல்லன்னா எங்கயுமே இல்லன்னு முடிவு கட்டாதீங்க. 1828-ல ஆன்ட்வெர்ப்ல ஆரம்பிச்சு பாரிஸுக்குப் போன பியூரோ வெரிட்டாஸ்னு இன்னொரு அமைப்பும் இதே மாதிரி புக் போட்டுச்சு, இங்க கிளாஸ் போன மரக்கப்பல் பலது அங்க போய்ச் சேந்துச்சு, பிரிட்டிஷ் கொடி பறந்தாலும் சரி. பாண்டிச்சேரிலேர்ந்து ரீயூனியன் போன பிரெஞ்சு கப்பலத் தேடறவங்க மொதல்லயே அங்கதான் போகணும். உங்க கப்பலையும் 62, 63, 64 மூணு வருஷப் புக்லயும் பாருங்க, ஏன்னா ஒரு வருஷம் விட்டு அடுத்த வருஷம் பேர் திரும்ப வர்றதும் உண்டு.

இப்ப இந்த ஏஜென்ட்டுங்க விஷயம். ரெஜிஸ்டர் புக் ஸ்கேன் பண்ணி நெட்ல இலவசமா கிடக்குது. லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் ஃபவுண்டேஷன் சர்வே ரிப்போர்ட்டுகளையும் ஸ்கேன் பண்ணி இலவசமாத்தான் போட்டிருக்கு. அந்தப் பக்கத்தையே பிரின்ட் எடுத்து, சீல் குத்தி, ஃபிரேம் போட்டு குடும்பச் சொத்து மாதிரி விக்கறாங்க, அதுவும் பல நேரம் அதே பேர்ல இருக்கற வேற கப்பலோட பக்கத்த. "லண். மெட்ராஸ்"னு ஒரு வரி இருந்தா மெட்ராஸ் கப்பல்னு சொல்லி வித்துடுவாங்க. லண்டன்ல சர்வே பண்ணாங்க, அடுத்த பயணம் மெட்ராஸுக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். கீழ பொடி எழுத்துல "எஃப் ஒய்எம் 60"னு இருந்தா 60-ல அடியில ஃபெல்ட்டும் மஞ்சள் உலோகத் தகடும் அடிச்சாங்கன்னு அர்த்தம், அதையும் "சிறப்பு விருது"ன்னு சொல்லி ஏமாத்தின கதை எனக்கு வந்திருக்கு. வயிறு எரியுதுங்க.

ஒரே பேர்ல அஞ்சாறு கப்பல் ஓடின காலம் அது. ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் 1855-லயே அரசாங்கம் ஆபீஷியல் நம்பர் குடுத்தாச்சு, ஆனா ரெஜிஸ்டர் புக்ல அத அச்சடிக்க 1872 ஆச்சு. 17 வருஷம்! இந்த ஒரு மெத்தனத்தால இன்னிக்கு எத்தன பேர் தப்பான கப்பலப் புடிச்சுட்டு அலையறாங்க. நீங்க மெர்கன்டைல் நேவி லிஸ்ட்னு வருஷா வருஷம் வந்த இன்னொரு புக்ல பேரத் தேடி நம்பர எடுத்துக்கங்க, அதுவும் இலவசம். டன் கணக்கு ரெண்டு புக்ல கொஞ்சம் மாறினா பதறாதீங்க, 1854 சட்டத்துக்கு அப்புறம் அளக்கற முறையே மாறிடுச்சு.

கூலியாள் ஏத்தற கப்பல லாய்ட்ஸ் கிளாஸ் இருந்தாலும் இல்லாட்டியும் மெட்ராஸ்ல அரசாங்க அதிகாரிங்க தனியா பாத்துத்தான் விடணும், அது வேற ஃபைல், எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கேளுங்க. எவ்வளவு கண்டிப்பா பாத்தாங்கங்கறது வேற விஷயம்.

ஆபீஷியல் நம்பர், கட்டின ஊர், கட்டின வருஷம் மூணும் கிடைச்சதும் எழுதுங்க, ரிப்போர்ட்டச் சேந்து படிக்கலாம்.